டைபாய்டு ரிப்போர்ட்டில் 'எஸ்' போட்டிருந்தால் மருந்து கேட்குமா?

குடல் வழியாக நுழைந்து ரத்தத்தில் கலப்பது டைபாய்டு கிருமி. சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து 'கல்ச்சர்' டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். நாலைந்து நாளில் ரிப்போர்ட் வருகிறது. வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது. 'ஐ' ரெண்டுங்கெட்டான்.

இவ்வளவுதானே, 'எஸ்' போட்டதில் விலை குறைந்ததாகப் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கினால் டாக்டர் பீஸ் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. வில்லங்கமே அங்கேதான்.

லேப்பில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சின்ன பேப்பர் வில்லைகளை அதன் மேல் வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்கிறார்கள். எத்தனை மில்லி மீட்டர் இருந்தால் 'எஸ்' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கே மாறும்!

சிப்ரோபிளாக்சசினைப் பாருங்கள். ஒரு காலத்தில் டைபாய்டுக்கு இதுதான் ராஜா. வளையம் 21 மி.மீ. இருந்தாலே 'எஸ்'. ஆனால் 'எஸ்' வந்தவர்களுக்கே காய்ச்சல் விடவில்லை. கிருமி மருந்துக்குப் பாதி பழகிவிட்டிருந்தது, பழைய அளவுக்கு அது பிடிபடவில்லை. 2012-ல் லேப் அளவுகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ., டைபாய்டு கிருமிக்கு 31 மி.மீ. வேண்டும் என்று மாற்றியது. 2011-ல் 25 மி.மீ. வளையம் 'எஸ்'. இன்று அதுவே 'ஐ'. இப்போது இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டுக்கு சிப்ரோவை நம்ப முடியாது.

ஜென்டாமைசின் இன்னொரு கூத்து. தட்டில் கிருமியைக் கொன்றுவிடும். உடம்பிலோ கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது, மருந்து அங்கே சரியாகப் போவதில்லை. வளையம் பெரிதாக வந்தாலும் 'எஸ்' என்று எழுதக்கூடாது என்பதுதான் விதி.

செப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும்தான் இப்போது பெரும்பாலும் கைகொடுக்கின்றன. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டுக்கு அந்த ஊசியும் கேட்கவில்லை.

பலர் கையில் வைத்திருப்பது கல்ச்சர் ரிப்போர்ட்டே அல்ல, 'வைடால்' ரிப்போர்ட். எந்த மருந்து கேட்கும் என்று அது சொல்லாது. கல்ச்சருக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால், கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம்.

சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் விட நாலைந்து நாள் ஆகும். இரண்டாம் நாளே "மருந்து கேக்கல"ன்னு ஆஸ்பத்திரி மாறுபவர்கள் கல்ச்சர் ரிப்போர்ட்டையும், அதுவரை போட்ட மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது.