வாக்காளர் படிவத்துடன் ஆசிரியர்கள், இறுதித் தேர்வை நோக்கி மாணவர்கள்: கொல்கத்தா நடுநிலை வகுப்புகளில் நவம்பர் மாதம்

கொல்கத்தா, நவ. 20, 2025: மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் கல்வியாண்டின் இறுதி மதிப்பீடு நெருங்கிவிட்ட நிலையில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்கள் பலர் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவங்களுடன் வீடு வீடாகச் சென்று கொண்டிருக்கின்றனர். ஆசிரியர் நியமன வழக்குகளாலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விடுமுறைகளாலும் ஏற்கெனவே பாட நாள்களை இழந்துள்ள மாணவர்களுக்கு, ஆண்டின் மிக முக்கியமான மாதம் இவ்வாறு கழிகிறது.

தமிழகத்தில் ஜூன் மாதம் தொடங்கும் கல்வியாண்டு, மேற்கு வங்க மாநில வாரியப் பள்ளிகளில் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவடைகிறது. எனவே தமிழக மாணவருக்கு மார்ச் மாதம் எப்படியோ, கொல்கத்தா மாணவருக்கு நவம்பர் அப்படி. நடுநிலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு மூன்று தொகுத்தறி மதிப்பீடுகள் நடத்தப்படுகின்றன. அவற்றின் மதிப்பெண்கள் முறையே 30, 50, 70. மொத்தமுள்ள 150 மதிப்பெண்ணில் ஏறத்தாழ பாதி மூன்றாவது மதிப்பீட்டில் அடங்கியிருக்கிறது.

பாடநூல்களில் என்ன இருக்கிறது?

மாநிலப் பாடநூல்கள் இலக்கிய வளம் மிக்கவை. வங்க மொழிக்கு 'சாகித்ய மேளா', கணிதத்துக்கு 'கணித பிரபா', அறிவியலுக்கு 'பரிவேஷ் ஓ பிக்யான்', வரலாற்றுக்கு 'அதீத் ஓ ஐதிஹ்ய' என மூன்று வகுப்புகளுக்கும் ஒரே வரிசையில் நூல்கள் அமைந்துள்ளன. துணைப்பாடமாக 6-ஆம் வகுப்பு மாணவர்கள் சுகுமார் ராயின் 'ஹ ஜ ப ர ல' கதையையும், 7-ஆம் வகுப்பினர் லீலா மஜும்தாரின் 'மாகு'வையும், 8-ஆம் வகுப்பினர் பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்பையும் வாசிக்கின்றனர். வங்க இலக்கியத்தின் முதன்மையான படைப்புகள் 14 வயதுக்குள் மாணவர்களைச் சென்றடைய வேண்டும் என்பதே இந்தத் தேர்வின் நோக்கம்.

7-ஆம் வகுப்பு வரலாறு பாலர், சேனர், தென்னகச் சோழர் தொடங்கி டெல்லி சுல்தான்கள், முகலாயர் வரை செல்கிறது. 8-ஆம் வகுப்பு நூல் முகலாயப் பேரரசின் சரிவுக்குப் பிந்தைய வட்டார அரசுகளில் தொடங்கி, காலனி ஆட்சி, தேசிய இயக்கம் ஆகியவற்றைக் கடந்து நாட்டுப் பிரிவினையையும் அரசமைப்புச் சட்டத்தையும் அடைகிறது. கடைசிப் பாடங்களில் ஒன்று மக்களாட்சியின் கட்டமைப்பையும் குடிமக்களின் உரிமைகளையும் பற்றியது. அந்தப் பாடத்தை நடத்த வேண்டிய ஆண்டிறுதி வாரங்களில்தான் ஆசிரியர்கள் வாக்காளர் பட்டியல் பணிக்கு அழைக்கப்பட்டுள்ளனர்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரு பாடல்கள்

இம்மாதம் மாணவர்கள் கற்றவை பாடநூல்களோடு நின்றுவிடவில்லை. ரவீந்திரநாத் தாகூர் 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினைக்கு எதிராக எழுதிய 'பங்ளார் மாட்டி பங்ளார் ஜல்' பாடலை அனைத்து அரசுப் பள்ளிகளிலும் காலைக் கூட்டத்தில் கட்டாயம் பாட வேண்டும் என்று மாநில இடைநிலைக் கல்வி வாரியம் நவம்பர் 6-ஆம் தேதி உத்தரவிட்டது. இப்பாடல் 2023-ஆம் ஆண்டு மாநிலப் பாடலாக ஏற்கப்பட்டது.

மறுநாள், நவம்பர் 7-ஆம் தேதி, பங்கிம் சந்திர சட்டோபாத்யாயவின் 'வந்தே மாதரம்' பாடலின் 150-ஆவது ஆண்டையொட்டி ஓராண்டு காலக் கொண்டாட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி டெல்லியில் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தலைச் சந்திக்கவுள்ள மாநிலத்தில், வங்கத்தின் இரு பெரும் படைப்பாளிகளின் பாடல்கள் அடுத்தடுத்த நாள்களில் அரசியல் முக்கியத்துவம் பெற்றன. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த தமிழகத்துக்கு இத்தகைய மொழிப் பெருமித அரசியல் புதிதல்ல. பாடலைப் பாடுவதற்கு இருக்கும் வேகம், அதன் பின்னணியிலுள்ள 1905 சுதேசி இயக்கத்தை விளக்குவதற்கும் இருக்குமா என்பதே வகுப்பறையின் கேள்வி. அதை விளக்க ஆசிரியர் வேண்டும்.

ஒரே நகரம், வெவ்வேறு வரலாறு

கொல்கத்தாவில் மாநில வாரியம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ), இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுகள் கவுன்சில் (சிஐஎஸ்சிஇ) ஆகிய மூன்று அமைப்புகளின் பள்ளிகளும் அருகருகே இயங்குகின்றன. ஒரே தெருவில் வசிக்கும் இரு 8-ஆம் வகுப்பு மாணவர்கள் இரு வேறு வரலாறுகளைப் படிக்க நேர்கிறது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் (என்சிஇஆர்டி) புதிய நூல்களில், டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் 7-ஆம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டு 8-ஆம் வகுப்புக்கு மாற்றப்பட்டுள்ளனர். கடந்த ஜூலையில் வெளியான 8-ஆம் வகுப்பு சமூக அறிவியல் நூல், பாபர், ஒளரங்கசீப் ஆகியோரைச் சித்திரித்த விதம் நாடு தழுவிய விவாதத்தை எழுப்பியது. கடந்த காலக் கொடுமைகளுக்கு இன்று எவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது.

மாநிலப் பாடநூலும் அரசியல் சாயல் என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. முதல்வர் மம்தா பானர்ஜியை ஆட்சிக்குக் கொண்டுவந்த நிகழ்வுகளில் முக்கியமானதான சிங்கூர் நில மீட்புப் போராட்டம், 2017-ஆம் ஆண்டு 8-ஆம் வகுப்பு வரலாற்று நூலில் சேர்க்கப்பட்டது. போராட்டத் தலைவர்களின் வரிசையில் அப்போதைய கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜியின் பெயரும் இருந்தது. ஆசிரியர் நியமன முறைகேடு வழக்கில் அவர் 2022 ஜூலையில் அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்டபோது, அந்தப் பெயரை நீக்கக் கோரி சர்ச்சை எழுந்தது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காவலில் இருந்த அவர், ஜாமீனில் இம்மாதம் 11-ஆம் தேதி வெளியே வந்துள்ளார். வழக்கு விசாரணை நிலுவையில் உள்ளது.

ஆசிரியர்கள் எங்கே?

பாடநூல் குறித்த விவாதத்தைவிட ஆழமானது ஆசிரியர் பற்றாக்குறை. மாநில அரசு உதவி பெறும் பள்ளிகளில் 2016-ஆம் ஆண்டுத் தேர்வு வழியாக நியமிக்கப்பட்ட 25,753 ஆசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் நியமனத்தை ரத்து செய்த கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் கடந்த ஏப்ரல் 3-ஆம் தேதி உறுதி செய்தது. ஒட்டுமொத்தத் தேர்வு நடைமுறையும் சீர்செய்ய இயலாத அளவுக்குப் பழுதுபட்டுவிட்டது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

மாணவர்களின் நலன் கருதி, முறைகேட்டில் தொடர்பில்லாத ஆசிரியர்கள் டிசம்பர் 31 வரை பணியில் தொடரலாம் என்று ஏப்ரல் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 'சி', 'டி' பிரிவு அலுவலக ஊழியர்களுக்கு இந்தச் சலுகை வழங்கப்படவில்லை. இந்த நியமனங்கள் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கானவை என்றாலும், பாதிப்பு நடுநிலை வகுப்புகளையும் எட்டுகிறது. ஒரே பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியரே 7, 8-ஆம் வகுப்புகளுக்கும் செல்வது வழக்கம். எழுத்தர் இல்லாத பள்ளியில் அவரது வேலையும் ஆசிரியரின் தலையில் விழுகிறது.

35,726 பணியிடங்களுக்கான புதிய தேர்வு செப்டம்பர் 7, 14 தேதிகளில் நடைபெற்றது. 11, 12-ஆம் வகுப்பு ஆசிரியர் பணிக்கான முடிவுகள் நவம்பர் 7-ஆம் தேதி வெளியாகின. நேர்காணல், கலந்தாய்வு என எஞ்சிய கட்டங்களை டிசம்பர் 31-க்குள் முடிப்பது எளிதல்ல.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான நேரடி நியமனத்தின் கதை இன்னும் நீண்டது. 2015-ஆம் ஆண்டு தகுதித் தேர்வு நடைபெற்றது. முறைகேட்டுப் புகார்களால் தேர்வுப் பட்டியலை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 14,052 பேரை நியமிக்க வழிவிட்ட தீர்ப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. 2015-இல் 6-ஆம் வகுப்பில் இருந்த மாணவர், தனக்கு வந்திருக்க வேண்டிய ஆசிரியரின் பெயர் பட்டியலில் ஏறும் முன்பே கல்லூரி வயதை எட்டிவிட்டார்.

மற்றொரு முரணையும் மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 தரவு காட்டுகிறது. ஒரு மாணவர்கூட சேராத பள்ளிகள் நாட்டிலேயே அதிகமாக, 3,812 என்ற எண்ணிக்கையில், மேற்கு வங்கத்தில் உள்ளன. அவற்றின் கணக்கில் 17,965 ஆசிரியர்கள் உள்ளனர். ஆசிரியர் எண்ணிக்கையோடு, அவர்கள் தேவையான இடத்தில் இல்லை என்பதும் சிக்கலாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பின்னணியில்தான் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. தமிழகம் உள்பட 12 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் நடைபெறும் இப்பணிக்காக, மேற்கு வங்கத்தில் 80,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். அவர்களில் பெரும் பகுதியினர் பள்ளி ஆசிரியர்கள். 7.66 கோடி வாக்காளர்களுக்குப் படிவம் வழங்கி, நிரப்பியதைத் திரும்பப் பெற்று, விவரங்களைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். கெடு டிசம்பர் 4. பள்ளி வேலையையும் இந்த வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்று கூறிய ஆசிரியர்கள், களப்பணி நாள்களைப் பள்ளிப் பணியாகவே கருத உத்தரவிட வேண்டும் என்று கோரி கொல்கத்தா பயிற்சி முகாமில் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று பணிகளுக்கு மட்டும் ஆசிரியர்களை அமர்த்த இடமளிக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே வரம்பு வகுத்துள்ளது. தேர்தல் ஆணையத்துக்கும் செயின்ட் மேரீஸ் பள்ளிக்கும் இடையிலான வழக்கில், பட்டியல் திருத்தப் பணிக்கு ஆசிரியர்களை விடுமுறை நாள்களிலும் பாடவேளை அல்லாத நேரங்களிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பலமுறை செல்ல வேண்டிய பணியில் இந்த வரம்பு நடைமுறையில் நிற்பது கடினம். வாக்காளர் பட்டியலில் பிழை இல்லாமல் இருப்பது மக்களாட்சியின் தேவை. குழந்தையின் கல்வியும் அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை. ஒன்றுக்காக மற்றொன்று சத்தமின்றி விட்டுக்கொடுக்கப்படுகிறது.

சுருங்கிய நாட்காட்டி

வெப்பத்தைக் காரணம் காட்டி இவ்வாண்டு கோடை விடுமுறை ஏப்ரல் 30-ஆம் தேதியே தொடங்கப்பட்டது. 2022 முதல் ஆண்டுதோறும் கோடை விடுமுறை முன்கூட்டியே விடப்படுகிறது. செப்டம்பர் 23-ஆம் தேதி அதிகாலை கொட்டித் தீர்த்த மழையில் கொல்கத்தா மூழ்கியதால், துர்கா பூஜை விடுமுறையும் முன்கூட்டியே அளிக்கப்பட்டது.

இழந்த வகுப்புகளைப் பெற்றோர் பணம் கொடுத்து ஈடுசெய்கின்றனர். 2022-ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வின்படி, மேற்கு வங்கக் கிராமப்புறங்களில் 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கட்டணத் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். தேசிய அளவில் இது சுமார் 30 விழுக்காடு. கொல்கத்தா நகரம் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்றாலும், தனிப்பயிற்சி இல்லாத நடுத்தரக் குடும்பத்தை அங்கு காண்பது அரிது. பள்ளியில் வகுப்பு நடக்காத நாளில், கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை மட்டுமே உண்மையில் பாடத்தை இழக்கிறது.

அடுத்து என்ன?

டிசம்பர் மாதம் மூன்று கெடுக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வாக்காளர் படிவப் பணி 4-ஆம் தேதி முடிய வேண்டும். மூன்றாவது மதிப்பீட்டின் விடைத்தாள்கள் திருத்தப்பட வேண்டும். 31-ஆம் தேதியுடன் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் நீதிமன்ற அனுமதி காலாவதியாகிறது. உச்ச நீதிமன்றம் அவகாசத்தை நீட்டிக்காவிட்டால், ஜனவரியில் புதிய பாடநூல்களுடன் அடுத்த வகுப்புக்குச் செல்லும் மாணவர்களை வரவேற்கப் பல பள்ளிகளில் பாட ஆசிரியர் இருக்கமாட்டார்.

தேர்தல் ஆண்டில் எந்தப் பாடலைப் பாடுவது, எந்த மன்னரை எப்படி எழுதுவது என்ற விவாதங்கள் இன்னும் சூடுபிடிக்கும். ஆனால் 8-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் இம்மாதம் உண்மையில் எவ்வளவு கற்றார் என்பதை, கரும்பலகை முன் ஆசிரியர் நின்ற நாள்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கும்.