காவலன் என்னும் புனைவும் வீண்செலவு என்னும் கணக்கும்: சித்தூர்ப் புறக்கடைச் சேவலை முன்வைத்து

புறக்கடைக் கோழி வளர்ப்பு பற்றிய பேச்சுகளில் சேவல் குறித்து இரண்டு கூற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை, அது தின்பது வீண்செலவு’ என்பது கணக்குப் பார்ப்பவர்களின் கூற்று. ‘ஒரு நல்ல சேவல் இருந்தால் போதும், கூட்டத்தை அதுவே காத்துக்கொள்ளும்’ என்பது மரபு பேசுபவர்களின் கூற்று. முன்னது சேவலை விற்கச் சொல்கிறது. பின்னது சேவலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறக்கச் சொல்கிறது. இரண்டும் பிழை. இந்தப் பிழைகளின் விலையைக் கொடுப்பவர்கள் கருத்தரங்குகளில் அமர்ந்திருப்பவர்கள் அல்லர். சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு பெட்டைகளை வைத்துக்கொண்டு, முட்டைக் காசில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை வாங்கும் பெண்களே அந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

இந்நிலப்பரப்பைத் தேர்ந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதியைப் பெற்று உருவான சித்தூர் மாவட்டம், இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே முற்றத்தில் புழங்கும் பகுதி. தமிழின் பெட்டைதான் தெலுங்கில் ‘பெட்ட’. அங்கே சேவலுக்குப் பெயர் ‘புஞ்சு’. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமானது. அந்நகரில்தான் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் அங்கேயே அமைந்தது. நகரை ஒட்டி எழும் சேஷாசலம் மலையின் அடிவாரத்தில் காடும் வயலும் வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. கோழியைத் தேடி வரும் விலங்குக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆய்வகமும் சிக்கலும் இவ்வளவு அருகருகே அமைந்த இடங்கள் குறைவு.

முதலில் காவலன் என்னும் புனைவைப் பார்க்கலாம். வானில் பருந்தையோ வல்லூறையோ கண்டதும் சேவல் மெல்லிய, நீண்ட, உயர்ந்த ஒலி ஒன்றை எழுப்புகிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எளிதில் பிடிபடாத ஒலி அது. தரையில் கீரியோ நாயோ வரும்போது எழுப்புவது வேறு ஒலி: விட்டுவிட்டு ஒலிக்கும் உரத்த கொக்கரிப்பு. 1993இல் கிறிஸ்டோபர் எவான்ஸ், லிண்டா எவான்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் இவ்வொலிகளைப் பதிவுசெய்து, எந்த வேட்டை விலங்கும் இல்லாத இடத்தில் பெட்டைகளுக்கு ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். வான் எச்சரிக்கையைக் கேட்ட பெட்டைகள் மறைவிடம் நோக்கி ஓடிப் பதுங்கின, மேலே பார்த்தன. தரை எச்சரிக்கையைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் நோக்கின. ஒலி மட்டுமே செய்தியாகப் போதுமானதாக இருந்தது. கிராமத்துப் பெண்கள் காலங்காலமாகக் காதால் பிரித்தறிந்து வந்த வேறுபாட்டையே ஆய்வகம் உறுதிசெய்தது.

ஆனால் அதே ஆய்வு மரபு இன்னொன்றையும் சொல்கிறது. சேவல் எச்சரிப்பது பொதுநலத் தொண்டு அன்று. மார்சல் கைகர், ஸ்டீபன் கரகாஷியன், மார்லர் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, தனித்திருக்கும் சேவல் பருந்தின் உருவத்தைக் கண்டாலும் குறைவாகவே குரல் கொடுக்கிறது, அருகில் துணை இருந்தால் குரல் பெருகுகிறது என்று காட்டியது. 2008இல் டேவிட் வில்சனும் எவான்ஸும் இணைசேர்ந்த சேவல் கூடுதலாக எச்சரிக்கிறது என்று நிறுவினார்கள். 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. தான் மரத்தடியிலோ புதரருகிலோ இருக்கும்போதும், தன்னைவிடத் தாழ்ந்த நிலையிலுள்ள மற்றொரு சேவல் பக்கத்தில் நிற்கும்போதும் ஆதிக்கச் சேவல் நீளமாகக் குரல் கொடுக்கிறது. பருந்தின் கண் போட்டியாளன் மேல் விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை. சேவல் தன் வாரிசுகளையும் தன் துணைகளையும் தன் உயிரையும் ஒருசேரக் கணக்கிடுகிறது. இதில் இழிவும் இல்லை, வீரமும் இல்லை.

இங்குதான் மரபு பேசுபவர்களின் தடுமாற்றம் வெளிப்படுகிறது. அவர்கள் சேவலைப் பற்றிப் பேசுவதில்லை; சேவலின் உருவில் ஆணைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்ற பழமொழியைச் சொன்ன அதே வாய்தான் ‘சேவல் இல்லாக் கூட்டம் நிற்காது’ என்றும் சொல்கிறது. குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழி சிறகை விரித்துக் கீரியின் முகத்தில் பாய்வதைப் பார்க்காத கிராமத்தார் இல்லை. நாட்டின அசில் பெட்டை அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் பெயர்பெற்றது. அந்தத் தாயின் சண்டைக்கு ‘தாய்மை’ என்று ஒரு சொல் கிடைக்கிறது. சேவலின் கூக்குரலுக்கு மட்டுமே ‘காவல்’ என்ற பட்டம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று, சண்டையில் மடிந்த சேவலுக்காக எழுப்பப்பட்டது. செங்கல்பட்டுப் பகுதியின் இந்தளூரிலும் அத்தகையது உண்டு. சண்டைச் சேவலுக்குக் கல் நட்ட சமூகம், கீரியிடம் சிக்கி இறந்த தாய்க்கோழிக்குக் கல் நட்டதாகச் செய்தி இல்லை. எதை நினைவில் வைப்பது என்பதை இழப்பின் அளவு தீர்மானிக்கவில்லை. மதிப்பின் அளவுகோல் தீர்மானித்தது.

இந்தப் புனைவு தீங்கற்ற பெருமைப் பேச்சாக நின்றுவிட்டால் கவலையில்லை. அது நடைமுறையில் ஒரு வேலையைச் செய்கிறது. ‘சேவல் இருக்கிறதே’ என்று சொல்லி இரவுக் கூண்டைத் தள்ளிப்போட வைக்கிறது. கோழியினத்துக்கு இருளில் கண் தெரியாது. பொழுது சாய்ந்தபின் சேவலும் பெட்டையைப் போலவே கிளையில் உறங்கும் இரைதான். கீரி பகலில் வருகிறது. அதைச் சேவல் கண்டு கூவலாம். மரநாயும் காட்டுப்பூனையும் இருட்டில் வருகின்றன. அப்போது காப்பது பஞ்சாரமும் அதன் மேல் வைத்த அம்மிக்கல்லும், கம்பி அடித்த கூண்டும், சாத்திய கதவும்தான். இரவில் காவல் காப்பவர் யார் என்று கேட்டால் விடை எளிது: மாலையில் ‘பா… பா…’ என்று அழைத்து, எண்ணிப் பார்த்து, அடைத்துவிட்டு வரும் பெண். அவளுடைய அன்றாட உழைப்பைத்தான் சேவலின் பெயரில் வரவு வைக்கிறார்கள்.

பகலிலும் சேவலின் குரல் பாதி வேலையே. எச்சரிக்கை கேட்டு ஓடுவதற்குப் புதர் வேண்டும். மாந்தோப்பின் நிழலும், வேலியோரத்துச் செடியும், சாய்த்து வைத்த வைக்கோற் கட்டும், கவிழ்த்த கட்டைவண்டியும் இருந்த புறக்கடையில் அந்தக் குரல் உயிர் காத்தது. திருப்பதியைச் சுற்றி வயல்கள் மனைகளாகி, முற்றங்கள் சிமெண்டுத் தளங்களாகிவிட்ட இடத்தில் சேவல் சரியாகவே கூவும், பெட்டைகளும் சரியாகவே ஓடும். போய் ஒளிய இடம்தான் இராது.

இனி, வீண்செலவு என்னும் கணக்கு. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பது உடலியல் உண்மை. ஆனால் அந்த முட்டையிலிருந்து குஞ்சு வரச் சேவல் வேண்டும். அடுத்த ஆண்டும் கூட்டம் இருக்க வேண்டுமென்றால் குஞ்சு வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்னும் வழக்கம், வீட்டுக்குள்ளேயே விதையை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. விதை நெல்லை ‘உண்ணாத தானியம், ஆகவே வீண்’ என்று எந்த வேளாண் அறிஞரும் எழுதமாட்டார். சேவலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடிகிறது.

இதற்குத் திட்டங்களின் அமைப்பும் துணை போகிறது. ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் பயனற்றவை அல்ல. நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடுபவை அவை; வண்ண இறகும் நீண்ட காலும் வேட்டை விலங்குகளிடமிருந்து தப்ப உதவும் என்று கருதியே வடிவமைக்கப்பட்டவை. அதாவது, வேட்டை விலங்கு என்னும் சிக்கலை அறிவியலாளர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அடைகாக்கும் இயல்பு அவற்றில் பெரும்பாலும் இல்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் ஊரகப் புறக்கடைத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு நான்கு வார வயதுள்ள 45 குஞ்சுகளைத் தவணைகளில் தருவதாக வகுக்கப்பட்டது. அந்த நான்கு வாரமும் குஞ்சுகள் வளரும் இடத்துக்குத் திட்ட மொழியில் ‘மதர் யூனிட்’ என்று பெயர். தாய் இல்லாத இடத்துக்குத் தாயின் பெயர்! அங்கிருந்து வரும் குஞ்சு கீரியைக் கண்டதில்லை. எச்சரிக்கும் தாயையோ மூத்த சேவலையோ கேட்டதில்லை. புறக்கடையில் இறக்கிவிடப்பட்ட நாளிலிருந்து அதன் பாடம் தொடங்குகிறது. முதல் பாடமே கடைசிப் பாடமாகவும் ஆகலாம். பின்னர் அடுத்த குஞ்சுக்கு மீண்டும் அலுவலகத்தை நாட வேண்டும். கூட்டத்தைத் தானே பெருக்கிவந்த பெண், பயனாளிப் பட்டியலில் ஒரு பெயராகிறாள்.

கூட்டத்தில் ஆண் குஞ்சுகள் வரத்தான் செய்கின்றன; அவற்றை யார் விற்கச் சொன்னார்கள் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. திட்டக் கணக்கில் ஆண் பறவை இறைச்சிக்கு, பெண் பறவை முட்டைக்கு. எடை கூடியதும் ஆண் வெளியேறிவிட வேண்டும். சந்தையும் அதையே கேட்கிறது. ராகி சங்கட்டியோடு நாட்டுக்கோடிப் புலுசு பரிமாறும் சாலையோர உணவகங்களும், கங்கம்மா ஜாத்திரைக்கு நேர்ந்துவிட்ட கடனும் முதலில் தேடுவது சேவலைத்தான். சங்கராந்தி நெருங்கும்போது, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 முதலே இருந்தும், பந்தயத்துக்கென்று வாட்டசாட்டமான சேவலுக்கு விலை ஏறுகிறது. காசு தேவைப்படும் வீடு விற்கிறது. அதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. குற்றம், அந்த விற்பனையின் முழு விலையைச் சொல்லாத கணக்கில் இருக்கிறது. எச்சரிக்கைக் குரல் சேவலின் நிலையோடு தொடர்புடையது. நிலைபெற்ற ஆதிக்கச் சேவலே மிகுதியாகக் குரல் கொடுக்கிறது. மூத்ததை விற்றுவிட்டுக் கூவக் கற்கும் இளஞ்சேவலை விட்டுவைத்த கூட்டத்தில் தலைக்கணக்குக் குறைவது ஒன்றுதான். காதுக்கு எட்டும் பாதுகாப்பு அதைவிட மிகுதியாகக் குறைந்துவிடுகிறது.

மறுபுறத்தையும் சொல்லத்தான் வேண்டும். சேவல் மிகுந்தாலும் கேடு. இரண்டு மூன்று சேவல்கள் சண்டையிடும் சிறு முற்றத்தில் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து புண்ணாகும். சில சேவல்கள் குழந்தைகளின் மேல் பாயும். அத்தகையதை வைத்திருக்க எந்தத் தாயும் கடமைப்பட்டவள் அல்லள். ஆகவே ‘எல்லோரும் சேவல் வளருங்கள்’ என்னும் முழக்கம் இங்கு முன்வைக்கப்படவில்லை. சேவல் ஓர் எச்சரிக்கை மணி, மதில் அன்று. மணி மட்டும் உள்ள வீடு காப்பற்றது. மதில் மட்டும் உள்ள வீட்டில், கதவு திறந்திருக்கும் பகற்பொழுதில் யார் வருகிறார் என்று தெரியாது. மணியும் மதிலும் சேர்ந்ததே புறக்கடை.

2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 விழுக்காடு மிகுதி. அதே காலத்தில் வணிகப் பண்ணைக் கோழிகள் 4.5 விழுக்காடே பெருகின. இந்த எண்ணைக் காட்டி வெற்றி கொண்டாடுவது எளிது. கொடுக்கப்பட்ட குஞ்சும் வளர்ந்த கோழியும் ஒன்றல்ல. எத்தனை குஞ்சுகள் வழங்கப்பட்டன என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனையைக் கீரி கொண்டுபோனது, எத்தனையைப் பருந்து தூக்கியது, பகலிலா இரவிலா, அப்போது முற்றத்தில் சேவல் இருந்ததா, புதர் இருந்ததா, கூண்டு இருந்ததா என்பதெல்லாம் ஒரு பெண்ணின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ‘இறப்பு விழுக்காடு’ என்னும் ஒரே கட்டத்துக்குள் நோயும் பருந்தும் பூனையும் கலந்து எழுதப்படும்போது அந்த நினைவு அழிகிறது. நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பதால் நோய் ஆய்வாகிறது. கீரிக்குத் தடுப்பூசி இல்லை என்பதால் கீரி விதியாகிறது.

கோழியியல் மாணவர்கள் உடல் எடை, முட்டை எண்ணிக்கை, தீவன மாற்றுத் திறன் ஆகியவற்றை அளக்கப் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். அவை தேவையானவையே. அவற்றோடு இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும்: ஓராண்டுக்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன, இல்லாதவை எப்படிப் போயின. சமூகவியல் மாணவர்கள் அந்தப் பத்தியை நிரப்பும் பெண்ணைத் தகவலாளியாக மட்டும் அன்றி அறிவாளியாகவும் ஏற்க வேண்டும். திட்டம் வகுப்பவர்கள் குஞ்சோடு கூண்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அடைகாக்கும் நாட்டுப் பெட்டை ஒன்றும் வயது வந்த சேவல் ஒன்றும் கூட்டத்தில் நிற்பதை இழப்பாக எழுதாமல் முதலீடாக எழுத வேண்டும்.

ஆபத்தைக் கண்டு குரல் கொடுப்பதோடு சேவலின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குரல் கேட்டு ஓடும் பெட்டைக்கு ஒளிய ஒரு புதரும், இருட்டியபின் அடைய ஒரு கூண்டும் இருக்கிறதா என்பது சேவலிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.