இரவு பத்து மணியும் விடுதி இணையமும்

கல்லூரி விடுதி என்பது உண்பதற்கும் உறங்குவதற்கும் அமைந்த கட்டடம் மட்டுமன்று. வகுப்பறையில் தொடங்கிய கல்வி மாலையில் வந்து தங்கும் இடமும் அதுவே. கடைசி மணி அடித்து ஆசிரியர் வெளியேறிய பின்னரே மாணவர் பலர் மெய்யாகப் படிக்கத் தொடங்குகின்றனர் என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் யாவரும் அறிவர். ஆகவே, விடுதியில் இணையத்தை எந்நேரம் திறப்பது, எந்நேரம் அடைப்பது என்னும் வினாவைச் சமையற்கூடத்தின் நேரத்தைப் போன்ற சிறு நிர்வாகச் செய்தியாகக் கருதிவிட இயலாது. அது கல்வியைப் பற்றிய வினா. மகளிர் விடுதியைப் பொறுத்தவரை நீதியைப் பற்றிய வினாவும் ஆகும்.

சென்னையின் மேற்குப் புறநகராகிய ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம் ஒரு காலத்தில் தொழிற்பேட்டையாலும் படைத்துறைத் தொழிற்சாலைகளாலும் அறியப்பட்டது. இன்று காலை வேளையில் இங்குள்ள சாலைகளை நிறைப்பவை கல்லூரிப் பேருந்துகள். அரக்கோணம் வழி மின்தொடர் வண்டியில் நாள்தோறும் வந்து போகும் மாணவர் ஒருபுறம். ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலை போன்ற ஊர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குவோர் மறுபுறம். இத்தகைய விடுதிகளுக்கென நம் மாநிலத்தில் பரவலாக ஒரு வழக்கம் உண்டு. இரவில் குறித்த நேரம் வந்ததும் வைஃபை நிறுத்தப்படும். மகளிர் விடுதிகள் சிலவற்றில் கைப்பேசியையே காப்பாளர் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். எல்லா விடுதியும் அப்படி என்று கூறவில்லை. ஆயினும், இவ்வழக்கம் கேட்பாரின்றி நெடுங்காலம் நிலவி வந்தது. கேட்டவர் ஒரு மாணவி.

கோழிக்கோடு வழக்கு

கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த சேளன்னூரில் ஸ்ரீ நாராயண குரு கல்லூரி உள்ளது. அங்கு இளங்கலை ஆங்கிலம் மூன்றாம் பருவம் பயின்றவர் ஃபஹீமா ஷிரின். அக்கல்லூரியின் மகளிர் விடுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைப்பேசி பயன்படுத்தலாகாது என்பது முதலில் இருந்த விதி. 2019 ஜூன் மாதத்தில் அதனை மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என மாற்றினர். பழைய விதி உறங்கும் நேரத்தையாவது காத்தது எனலாம். புதிய விதியோ மாணவியர் படிக்கும் நேரத்தையே அடைத்தது. ஃபஹீமா அதனை ஏற்க மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார்.

கல்லூரி தரப்பின் வாதம் நமக்குப் புதியதன்று. பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதாலேயே விதியைக் கொண்டுவந்தோம், ஒழுங்கைக் காப்பது எங்கள் கடமை என்றனர். மாணவி தரப்போ, இவ்விதி மகளிர் விடுதிக்கு மட்டுமே உள்ளது என்றும், நூலகத்தில் கிட்டாத பாடச் செய்திகளை இணையத்தில்தான் தேடவேண்டியுள்ளது என்றும் முறையிட்டது. நீதியரசர் பி.வி. ஆஷா 2019 செப்டம்பர் 19-இல் தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி. அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதியுமாகும் என்பது தீர்ப்பின் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017-இல் நிலைநாட்டியது அதற்கு அடித்தளமாயிற்று. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்த்துக்கொள்ள ஆணை பிறந்தது. கைப்பேசியைப் பயன்படுத்து என்றோ பயன்படுத்தாதே என்றோ எம்மாணவியையும் வற்புறுத்தலாகாது, அதனை அவரவரே பொறுப்புடன் முடிவு செய்யவேண்டும் என்று நீதியரசர் கூறியிருப்பது நம் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. வேறொரு மாநிலத்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டுக் கல்லூரிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் எல்லை கடந்து செல்லக்கூடியது.

தடைகளின் வரலாறு இதனினும் பழையது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் உடைக் கட்டுப்பாட்டோடு கைப்பேசித் தடையையும் கொண்டுவந்தது. 2007-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தன் விடுதிகளில் இரவு 11 மணிக்கு இணையத்தை நிறுத்தி மறுநாள் நண்பகலுக்குப் பின்னரே திறந்தது. மாணவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து வகுப்புக்கு வருவதில்லை, ஒருவரோடொருவர் பழகுவதில்லை என்று அப்போது காரணம் கூறினர். அக்காரணங்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். காலை முதல் வகுப்பில் சிவந்த கண்களோடு அமர்ந்திருப்போரைக் காணும் ஆசிரியருள் நானும் ஒருவன்.

இடையில் மாறியது யாது?

2005-க்கும் இன்றைக்கும் இடையே மாணவர் மாறியதைவிடக் கல்லூரி மாறியதே மிகுதி. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 முதல் மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டத்திற்கும் வழி அதுவே. தேர்வுக் கட்டணம், நுழைவுச் சீட்டு, மதிப்பெண் யாவும் திரையில். நடுவண் அரசின் ஸ்வயம் தளத்தில் 2017 முதல் பாடங்கள் நடைபெறுகின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன்வழிப் பயிலலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்தது. ஆசிரியராகிய நாமே இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில், 'நாளைக் காலை ஒப்படைப்பைச் சமர்ப்பிக்க' என்று ஆணையிடுகிறோம். பத்து மணிக்கு விடுதியில் இணைப்பு அறுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இம்முறைக்கு என்ன பெயரிடுவது?

தமிழ் பயில்வோர்க்கு இணையம் எதற்கு எனச் சிலர் வினவுவர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம், அரிய பழம்பதிப்புகளை மின்நூலகத்தில் ஏற்றி வைத்துள்ளது. ஆய்வாளர் ஒருவர் முன்பு கன்னிமாராவிலும் மறைமலையடிகள் நூலகத்திலும் நாட்கணக்கில் காத்துக் கிடந்து பார்த்த நூல்களுட் பலவற்றை, ஆவடி விடுதியின் கட்டிலில் அமர்ந்து ஒரு மாணவி புரட்டலாம். என் ஆய்வியல் நிறைஞர் பட்டக் காலத்தில் இத்தகைய பேறு கிட்டவில்லை என்னும் ஏக்கம் எனக்குண்டு, அது கிடக்கட்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றை இங்குக் கூறவேண்டும். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது; அத்தகையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேயே உள்ளது. இத்தகைய பள்ளிகளில் பயின்ற மாணவர் பலர் கலைக்கல்லூரிகளில், குறிப்பாகத் தமிழ், வரலாறு ஆகிய துறைகளில் சேர்கின்றனர். பாடநூல்கள் யாவும் பிரெயிலில் கிடைப்பதில்லை. எழுத்தைப் படித்துக் காட்டும் செயலி ஏற்றிய கைப்பேசியே அவர்களுக்கு நூலும் கண்ணும். இரவில் அதனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டும் காப்பாளர், அம்மாணவரின் புத்தகத்தைப் பூட்டுகிறார் என்பதை உணர்வாரா? விதி எழுதிய நாளில் இவர்கள் நினைவுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

பெரியோர்களின் அச்சம்

இனி, சமுதாயப் பெரியோர்களின் அச்சத்திற்கு வருவோம். பெண்பிள்ளையை வெளியூர் விடுதியில் விட்டுத் திரும்பும் பெற்றோரின் நெஞ்சப் படபடப்பை நான் அறிவேன். முகமறியாதவர் பின்தொடர்வர், படம் எடுத்து மிரட்டுவர், ஆசை காட்டி ஏமாற்றுவர். இவையெல்லாம் கற்பனை அல்ல. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிரட்டப்பட்ட மாணவி யாரிடம் செல்வாள்? கைப்பேசி வைத்திருப்பதே குற்றம் என்னும் விடுதியில், தனக்கு நேர்ந்த தீங்கைக் காப்பாளரிடம் கூறினால் முதலில் விதியை மீறிய குற்றவாளியாகத் தானே நிற்கவேண்டியிருக்கும் என்று அஞ்சி வாய்மூடுவாள். தீயவனுக்கு வேண்டியது அந்த மௌனமே. இணையக் குற்றங்களை முறையிட 1930 என்னும் தொலைபேசி எண் இருப்பதை, கைப்பேசியைப் பூட்டி வைக்கும் விடுதியில் யார் அவளுக்கு எடுத்துச் சொல்வார்?

இதில் ஆண், பெண் வேறுபாடு வேறு. ஆண்கள் விடுதியில் இணைப்பு அறுந்தால் மாணவன் சுவரைத் தாண்டியோ வாயிலைக் கடந்தோ அம்பத்தூர் ஓ.டி. தேநீர்க் கடைக்குச் சென்று நண்பனின் கைப்பேசியில் வேலையை முடித்து வருகிறான். காப்பாளர் கண்டும் காணாமல் இருப்பார். மாணவிக்கு மாலை ஆறு மணிக்கே வாயில் அடைந்துவிடுகிறது. உடலுக்கு அடைத்த கதவை அறிவுக்கும் அடைப்பதுதான் இத்தடை. தில்லி மாணவியர் 2015-இல் தொடங்கிய 'பிஞ்சரா தோட்' இயக்கம், அதாவது கூண்டை உடைக்கும் இயக்கம், விடுதிகளின் இந்த நேரக் கட்டுப்பாட்டையே எதிர்த்தது. அவ்வியக்கத்தின் எல்லாக் கருத்துகளும் எனக்கு உடன்பாடு அல்ல. ஆயினும், ஒரே கல்லூரியில் ஒரே கட்டணம் செலுத்தி ஒரே தேர்வை எழுதும் இருவர்க்கு இரு வேறு இரவுகள் ஏன் என்னும் அவர்கள் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். வீட்டுக்குள் இருந்தபடியே நூல்களைப் படித்துப் படித்து, 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். முஸ்லிம் பெண் நாவல் எழுதலாமா என முகம் சுளித்தோரும் அன்று இருந்தனர். அவர் வீட்டுக்குள் நூல்கள் நுழையாதிருந்திருப்பின் தமிழ் அந்நாவலை இழந்திருக்கும். இன்றைய விடுதி மாணவிக்கு அந்நூல்கள் எவ்வழியே வந்து சேர்கின்றன என்பதைப் பெரியோர்கள் எண்ணவேண்டுகிறேன்.

கடைக்குப் பூட்டு

தீமைக்கு அணையிடவே கூடாது என்பது என் வாதமன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் இளைஞர் பலர் பொருளையும் சிலர் உயிரையும் இழந்தபோது தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் வகுத்த ஒழுங்குமுறையில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அவ்விளையாட்டுகளுக்குள் எவரும் நுழையலாகாது என விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் அதனை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே முற்றாகத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கு அரசு செய்ததைக் கவனியுங்கள். சூதாட்டக் கடையைப் பூட்டியது. கடை இருந்த தெருவைப் பூட்டவில்லை. விடுதிகளோ தெருவையே பூட்டுகின்றன.

கடையை மட்டும் பூட்டுவது விடுதிக்கும் இயலும். வரிசை எண்ணும் கடவுச்சொல்லும் இட்டு நுழையும் முறை இருந்தால், சூதாட்டத் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் வடிகட்டி நிறுத்திவிட்டு மற்றவற்றைத் திறந்து வைக்கலாம். நள்ளிரவுக்குப் பின் திரைப்படம் இறக்குவோரால் பிறர் இணைப்பு நலிவுறாமல், ஆளுக்கு இவ்வளவு வேகம் எனப் பங்கிடலாம். இவற்றுக்குரிய கருவிகள் பல கல்லூரிகளின் கணினி மையங்களில் முன்னரே உள்ளன. யார் எத்தளத்தைப் பார்த்தார் என்று நாள்தோறும் பட்டியல் எடுத்துக் காப்பாளர் மேசையில் வைப்பது மட்டும் கூடாது. அது கைப்பேசியைப் பறிப்பதினும் கொடிது.

வைஃபையை மட்டும் நிறுத்தும் விடுதிகள் இன்னொன்றையும் கருதவேண்டும். 2016-இல் ஜியோ வந்தபின் தரவு மலிவாயிற்று. வசதியுள்ள மாணவன் தன் பணத்தில் தரவு வாங்கி விடியும்வரை விழித்திருக்கிறான். விடுதி இணைப்பையே நம்பியிருப்பவர் ஏழை மாணவர். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபின் அவ்வேழைகளின் தொகை குறைந்திராது. பத்து மணி விதி யாரை உறங்க வைக்கிறது, யாரைப் படிக்கவிடாமல் செய்கிறது என்பதை விடுதிக் குழுவினர் ஒருமுறை அறை அறையாகச் சென்று கேட்டறியலாம்.

உறக்கத்தைப் பற்றிய கவலைக்கு வேறு வழிகள் உண்டு. இரவு பதினொன்றுக்கு மேல் அறை விளக்கை அணைத்து, படிக்க விரும்புவோர் பொதுப் படிப்பறையில் அமரலாம். அங்கு இணையம் இரவு முழுதும் இருக்கட்டும். அறைத்தோழியின் உறக்கத்தைக் கெடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கட்டும். அதற்கு யாரும் மறுப்புக் கூற மாட்டார். ஆசிரியராகிய நாம் இரவு எட்டு மணிக்குப் பின் ஒப்படைப்புச் செய்தி அனுப்புவதில்லை என உறுதி கொள்ளலாம்.

விடுதி விதிகளை மறுபார்வை செய்யும் குழுக்களில் இன்று முதல்வர், காப்பாளர், நிர்வாகத்தார் அமர்கின்றனர். அக்குழுவில் மகளிர் விடுதியிலிருந்து இருவரும், ஆடவர் விடுதியிலிருந்து இருவரும், பார்வைத்திறன் குறைந்த மாணவர் ஒருவரும் இடம்பெறவேண்டும் என முன்மொழிகிறேன். வரும் கல்வியாண்டின் சேர்க்கைப் படிவம் அச்சாகும் முன் அக்குழு கூடட்டும். இரு விடுதிக்கும் ஒரே விதியாக, தமிழில், பெற்றோரும் படித்துப் புரிந்து கையொப்பமிடும் வண்ணம் ஒரு பக்கத்தில் அடங்க அதனை எழுதட்டும்.