ஏழாவது சீட் எதற்கு?

ஒரு கார் எப்போது கார் இல்லை? 2023 ஜனவரியில் அமெரிக்க நிதித்துறையைக் கேட்டிருந்தால், 'ஏழு சீட் இருக்கும்போது' என்று பதில் வந்திருக்கும்.

அந்த நாட்டில் புது மின்சாரக் கார் வாங்கினால் வரியில் 7,500 டாலர் வரை கழிவு கிடைத்துக்கொண்டிருந்தது. 2022 ஆகஸ்ட்டில் பைடன் கையெழுத்துப் போட்ட சட்டம் அதற்கு உச்சவரம்பு வைத்தது. கார் என்றால் விலை 55,000 டாலரைத் தாண்டக் கூடாது. எஸ்.யு.வி. என்றால் 80,000 வரை போகலாம். டெஸ்லாவின் மாடல் ஒய் வண்டி ஐந்து சீட்டோடு வந்தால் கார், ஏழு சீட்டோடு வந்தால் எஸ்.யு.வி. அதே கதவு, அதே சக்கரம்! பின்னால் குட்டியாக இரண்டு சீட் வைத்தால் உச்சவரம்பு 25,000 டாலர் ஏறிவிடும். பிப்ரவரி 3-ம் தேதி மனசு மாறி, 'ஐந்தும் எஸ்.யு.வி.தான், ஜனவரியிலிருந்தே செல்லும்' என்றார்கள். சிரிப்பதா, அழுவதா?

அத்தோடு விட்டார்களா? ஏப்ரல் 18 முதல் பாட்டரிக்கு ஜாதகம் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் தாதுக்கள் எந்த நாட்டுடையவை என்பதற்கு 3,750, பாகங்கள் எங்கே செய்தவை என்பதற்கு 3,750. முந்தின ராத்திரி வரை முழுத் தகுதியோடு ஷோரூமில் நின்ற சில வண்டிகள் பொழுது விடிந்ததும் பாதித் தகுதியாகிவிட்டன. சிலதுக்கு அதுவும் இல்லை.

வாங்குகிறவருக்கும் ஜாதகம் உண்டு. தனி ஆள் என்றால் வருமானம் 1.5 லட்சம் டாலருக்குள், கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் 3 லட்சத்துக்குள். 2024 முதல் கழிவை டீலரிடமே விலையில் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் வருமானம் வரம்பு மீறினால் அப்படியே திருப்பிக் கட்ட வேண்டும்.

கலிஃபோர்னியாவிலிருந்து நண்பன் ஒருவன் போன் பண்ணினான். "போனஸ் வந்துடுச்சுடா" என்றான், ஜப்தி நோட்டீஸ் வந்த குரலில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் சம்பளத்தோடு போனஸும் சேர்ந்து 3 லட்சம் தாண்டிவிட்டதாம். வாங்கிய வருஷம், அதற்கு முந்தின வருஷம், இரண்டில் ஏதாவது ஒன்று வரம்புக்குள் இருந்தாலே போதும் என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. முந்தின வருஷம் அவனுக்குப் போனஸ் இல்லை. தப்பித்தான். போனஸ் கொடுக்காத முதலாளியை ஒருவன் வாயார வாழ்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

2032 முடியும்வரை உண்டு என்று எழுதியிருந்த சலுகை இது. 2025 ஜூலை 4-ம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டம், செப்டம்பர் 30-ஓடு கடையைக் கட்டிவிட்டது. அப்போதும் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது: அன்றைக்குள் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கட்டியிருந்தால், வண்டி பிறகு வந்தாலும் கழிவு உண்டு. ரசீது வைத்திருந்தவன் பிழைத்தான். டீலரின் வாய்வார்த்தையை நம்பியவனுக்கு 7,500 டாலர் நஷ்டம். நம் பணத்தில் ஆறு லட்ச ரூபாய்க்கு மேல்.

எந்த ஊர் சலுகையானாலும் சங்கதி ஒன்றுதான். புக் பண்ணின தேதியா, பணம் கட்டின தேதியா, சாவி கையில் வந்த தேதியா... சட்டம் எதைப் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள். வண்டி ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விசாரிக்கிற நாம், சட்டம் எத்தனை மாதம் ஓடும் என்றும் விசாரித்துவிடுவது நல்லது.