பாலாரிஷ்டமும் புள்ளிவிவரமும்

நம் பாட்டிமார் காலத்தில் பச்சைக் குழந்தை செத்துப் போனால் ஜோசியர் ஒரு சொல் வைத்திருந்தார்: பாலாரிஷ்டம். அந்தச் சொல்லோடு விசாரணை முடிந்துவிடும். பழியெல்லாம் கிரகங்களின் தலையில்.

இப்போது அந்தத் திண்ணையில் வரைபடத்தோடு வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். "இந்த வட்டாரத்தில் சிசு மரண விகிதம் ஐந்து வருஷத்தில் இவ்வளவுக்கு இறங்கிவிடும்" என்கிறார். "எப்படி ஐயா?" என்று கேட்டால், "இதுவரை இறங்கித்தானே வந்திருக்கிறது!" என்கிறார். ஜோசியர் தட்சிணை வாங்கினார். இவர் சம்பளம் வாங்குகிறார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இவருடைய ரூலரைக் கொஞ்சம் வாங்கிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு வயது நிரம்புமுன் இறந்த குழந்தைகள் 1971-ல் ஆயிரத்துக்கு 113, 2020-ல் 13. சந்தோஷமான செய்திதான். ஆனால் இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நேர்கோடு போட்டு நீட்டினால், 2026 முடிவதற்குள் பூஜ்யம் வந்துவிடும். மறு வருஷம் செத்த குழந்தைகள் எழுந்து வர வேண்டும்!

வட்டாரம் சிறுத்தால் வேடிக்கை பெருக்கும். வருஷத்துக்கு நூறு குழந்தை பிறக்கிற ஊரில் ஒன்று இறந்தால் விகிதம் 10. அடுத்த வருஷம் இரண்டு இறந்தால் 20. உடனே ஊர் இரு மடங்கு கெட்டுவிட்டதா? அதற்கடுத்த வருஷம் ஒன்றும் இறக்காவிட்டால் சுவர்க்கமாகிவிட்டதா? அந்த ஊரில் விகிதத்தைப் பார்ப்பதைவிட, அந்த இரண்டு குழந்தைகளும் ஏன் இறந்தன என்று இரண்டு வீட்டுக்கும் போய் விசாரிப்பது மேல்.

அப்படி வீடு வீடாகப் போனவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு ஜில்லா. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே குடியேறினார்கள். பிறந்து 28 நாளைக்குள் ஆயிரத்துக்கு அறுபது குழந்தைகள் போய்க்கொண்டிருந்த இடம் அது. 1995-ல் 39 கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, துணி சுற்றிக் கதகதப்பாக வைப்பது, தாய்ப்பால் கொடுக்கச் செய்வது, சீழ்நோய் கண்டால் ஊசி போடுவது – இவ்வளவுதான் வித்தை. மூன்றாம் வருஷம் அந்த ஊர்களில் விகிதம் 25.5. இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்து 47 கிராமங்களில் 59.6.

கவனியுங்கள்: 47 கிராமங்களில் ஜோசியம் பலித்தது; 39 கிராமங்களில் பொய்த்தது. கிரகமும் ஒன்று, காடும் ஒன்று. நடுவில் வந்தவள் ஒரு தராசும் ஊசியும் வைத்திருந்த கிராமத்துப் பெண்.

கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களும் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு சாவையும் எண்ணிக் குறித்தவர்கள்தாம். எங்கே நர்ஸை அனுப்புவது என்று தெரிந்துகொள்ள எண்ணுங்கள். "இப்படியே விட்டால் அடுத்த வருஷம் இத்தனை குழந்தைகள் சாகும்" என்று கணித்தும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தக் கணிப்பைப் பொய்யாக்க இன்றைக்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். அந்த வரி இல்லாத காகிதத்துக்குப் பெயர் பஞ்சாங்கம்.