பிள்ளையைத் திருத்துமுன் கூலியைத் திருத்து!

ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் முரடாகிறது? ஏன் பள்ளிக்கூடத்தில் அடிதடி செய்கிறது? பெரியவர் சொல்லை ஏன் மதிப்பதில்லை? வசதி படைத்தவர்களிடம் இதற்கு நெடுநாளாக ஒரே பதில்தான். "பரம்பரைக் குணம்! அப்பனுக்குப் புத்தியில்லை, ஆத்தாளுக்குப் பொறுப்பில்லை!" கையில் நாலு காசு கொடுத்தாலும் அது சாராயக் கடைக்குத்தான் போகும் என்று கூடவே ஒரு ஏச்சு!

தோழர்களே! இந்தப் புளுகின் முதுகெலும்பை முறித்த ஆராய்ச்சி ஒன்று, டாலர் ராஜ்யமான அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது.

அந்நாட்டின் வட கரோலினா மாகாணத்தில், மேற்கு மலைப் பகுதியில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். 1838-இல் அமெரிக்கப் பட்டாளம் துப்பாக்கி முனையில் இம்மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. அப்போது மலையிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியார் இவர்கள். டியூக் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோவும் அவரோடு உழைத்தவர்களும் 1993-இல் இங்கே ஆராய்ச்சி தொடங்கினார்கள். 9, 11, 13 வயதான 1,420 பிள்ளைகளின் மனநிலையை ஆண்டுதோறும் விசாரித்து எழுதி வந்தார்கள். அவர்களில் 350 பேர் பூர்வகுடிப் பிள்ளைகள்.

இடையில், செரோக்கி நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. லாபத்தில் ஒரு பங்கு அந்த இனத்தார் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைத்தது. 2001-இல் அது ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 6,000 டாலர். சூதாட்டத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நல்லவன், கெட்டவன் என்று பார்த்து அந்தப் பணம் தரப்படவில்லை. பெற்றோர் அதே பெற்றோர். ரத்தம் அதே ரத்தம். மாறியது வருமானம் ஒன்றே!

நடந்தது என்ன? வறுமையிலிருந்து மீண்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைந்தன. வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. பணம் வந்தும் வறுமை நீங்காத வீடுகளில் அவை குறையவில்லை. வறுமையிலிருந்து மீண்ட வெள்ளையர் வீடுகளிலும் பிள்ளைகள் இப்படியே மாறினார்கள். இம்முடிவு 2003-இல் அச்சேறியது.

காரணத்தையும் தேடினார்கள். பிள்ளையைக் கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்ததே முக்கிய காரணமாகத் தெரிந்தது. ஆத்தாளுக்குப் பொறுப்பில்லை என்றார்களே, அவளுக்கு இல்லாதது பொறுப்பா, நேரமா?

உண்மையை மறைக்க வேண்டாம். மனச்சோர்வும் பயமும் அந்தச் சில ஆண்டுகளில் குறையவில்லை. காசு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. வைத்தியரும் வேண்டும், மனம்விட்டுப் பேச ஆளும் வேண்டும். ஆனால் 2010-இல் வெளிவந்த தொடர் ஆராய்ச்சியைப் பாருங்கள். பணம் வரத் தொடங்கியபோது மிகச் சிறியவர்களாக இருந்த செரோக்கிப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். தங்களுக்கு மூத்த செரோக்கி இளைஞர்களைவிட இவர்களில் மதுவாலும் கஞ்சாவாலும் கெட்டவர்கள் குறைவு. காசு சாராயக் கடைக்குப் போகும் என்றவர்கள் இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கும் தகப்பன் பிள்ளையிடம் எப்போது பேசுவான்? விடியுமுன் நடவுக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாய் அதன் முகத்தை எப்போது பார்ப்பாள்? கூலியைக் குறைத்து, நேரத்தைப் பறித்துவிட்டு, "மனத்தைத் திடப்படுத்து" என்று பிள்ளைக்கு உபதேசம் செய்வது வைத்தியமா, வஞ்சகமா?

தோழர்களே! கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் நம் வயிற்றுக்காக மட்டும் கேட்பவையல்ல. அவை நம் பிள்ளைகளின் மனத்துக்கும் மருந்து. அடுத்த முறை முதலாளியோ மிராசுதாரோ நம் பிள்ளையின் குணத்தைப் பழித்தால், தலை குனியாதீர்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள்: "பிள்ளையைத் திருத்துவது இருக்கட்டும், எங்கள் கூலியை எப்போது திருத்தப் போகிறீர்கள்?"