கையடக்கக் கணினியின் பேச்சும் தமிழ் இலக்கணமும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

திறவுச்சொற்கள்: கையடக்கக் கணினி, மாற்றுவழித் தொடர்பாடல், வேற்றுமை, ஏவல், விளி, வட்டார வழக்கு

முன்னுரை

பேச இயலாத ஒருவர் டேப்லெட் எனப்படும் கையடக்கக் கணினியின் திரையிலுள்ள படங்களை வரிசையாகத் தொடுகிறார். படங்களுக்குரிய சொற்களைக் கருவி ஒலிக்கிறது. மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உடைய குழந்தைகள் பலருக்கும், பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியோருக்கும் இக்கருவி குரலாகிறது. இதுபற்றிய உரையாடல் மருத்துவர், சிறப்பாசிரியர், பொறியாளர் ஆகியோரிடையே நிகழும் அளவுக்குத் தமிழ்த்துறைகளில் நிகழ்வதில்லை. ஆனால், கருவி ஒலிப்பது தமிழ்த் தொடராக அமைகிறதா என்பது முதன்மையாக இலக்கணச் சிக்கல். அதைத் தீர்ப்பதில் தமிழாய்வாளர்க்குக் கடமை உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழ்நாட்டு முன்னோடி முயற்சி

இத்துறையில் தமிழகம் பிந்தியதன்று. 1985இல் சென்னையில் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு, ஐ.ஐ.டி. மெட்ராஸில் பயின்ற அஜித் நாராயணன் ‘அவாஸ்’ என்னும் தொடர்பாடல் கருவியை உருவாக்கினார். இலட்சக்கணக்கில் விலையுள்ள வெளிநாட்டுக் கருவிகளுக்கு மாற்றாகத் தனிக்கருவியாகத் தோன்றிய அது 2010இல் தேசிய விருது பெற்றது; பின்னர்க் கையடக்கக் கணினிகளில் இயங்கும் செயலியாக வளர்ந்தது. 2013இல் டெட் அரங்கில் ஆற்றிய உரையில் அவர் ‘ஃப்ரீஸ்பீச்’ என்னும் மற்றொரு முறையையும் விளக்கினார். யார், எதை, எப்போது என்னும் வினாக்களின்வழிச் சொற்களுக்கிடையிலான பொருளுறவை முதலில் காட்டி, அம்மொழிக்குரிய இலக்கண வடிவத்தைக் கணினியே அமைக்கச் செய்வது அம்முறை. வேற்றுமைப் பொருள் என்று தமிழ் இலக்கணிகள் ஆராய்ந்த உறவுகளுக்கு இது மிக அணுக்கமானது. ஆகவே பொறியியலும் தமிழ் இலக்கணமும் சந்திக்கும் இடம் முன்னரே உருவாகிவிட்டது.

மொழிபெயர்க்கப்பட்ட கட்டங்களின் குறை

சில நூறு அடிப்படைச் சொற்களே அன்றாட ஆங்கிலப் பேச்சின் பெரும்பகுதியாக அமைகின்றன என்பது இத்துறையினர் ஏற்றுக்கொண்ட கருத்து. படக்கட்டங்களின் அமைப்பும் அதனைத் தழுவியதே. அக்கட்டங்களை அப்படியே தமிழாக்கினால் என்ன நேரும்? ‘நான்’, ‘வேண்டும்’, ‘தண்ணீர்’ என்று ஒரு குழந்தை ஆங்கில வரிசையில் தொடுகிறது. ‘நான் வேண்டும்’ என்பதற்குத் தமிழில் ‘என்னைப் பிறர் விரும்ப வேண்டும்’ என்ற பொருளே தோன்றும். குழந்தை கருதியது ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பது. பசிக்கிறது, வலிக்கிறது, பிடிக்கும், தெரியும், வேண்டாம் என உடலும் உள்ளமும் முதலில் உரைக்க விழையும் செய்திகள் பலவும் தமிழில் நான்காம் வேற்றுமையைக் கொண்டே அமைகின்றன. தமிழுக்கென வடிவமைக்கப்படும் திரையில் ‘எனக்கு’ என்பது முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இது தோன்றாது. வேற்றுமையியல் கற்றவர்க்கு உடனே தோன்றும்.

இரண்டாம் வேற்றுமையில் சிக்கல் இன்னும் கடுமையானது. ‘அண்ணன்’, ‘தம்பி’, ‘அடி’ என்னும் மூன்று படங்கள் தொடப்பட்டால் அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பது தெளிவாவதில்லை. தமிழில் சொல்வரிசை நெகிழ்வுடையது. எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டும் சுமையை ஐயுருபே தாங்குகிறது. வீட்டார் குறிப்பறிந்துகொள்வர். மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அக்குறிப்பறிவு கிட்டாது. பேச இயலாதவர் சாட்சியமளிக்கும்போது சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் துணையைப் பெறுவதற்கும், அதனை ஒளிப்பதிவு செய்வதற்கும் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 2013இல் செய்யப்பட்ட திருத்தம் வழிவகுத்தது. சட்டம் வழங்கிய அவ்வாய்ப்பு ஓர் உருபு இல்லாமையால் பயனற்றுப்போகக் கூடாது.

பகுதியும் ஏவலும்

கட்டத்தில் வினையைப் பகுதி வடிவில் மட்டும் வைப்பது எளிது. ஆனால் தமிழில் வினைப்பகுதி தனித்து நின்றால் ஏவலாகும். நன்னூல் பதவியலில் 23 ஈறுகளில் அடக்கிக் காட்டப்படும் வினைப் பகாப்பதங்கள் ஏவல் பொருளுக்கும் உரியனவாகவே சுட்டப்படுகின்றன. ‘அம்மா’, ‘போ’ என்ற இரு படங்களால் ‘அம்மா போய்விட்டார்’ என்று சொல்ல விழைந்த குழந்தை, தாயை வெளியேறச் சொன்னதாகிறது. செவிலியரிடம் உதவி கேட்கும் முதியவர் ‘வா’, ‘கொடு’, ‘எடு’ என்று ஒருமையில் கட்டளையிடுபவராக ஒலிக்கிறார். வாழ்நாளெல்லாம் பிறரிடம் மரியாதையாகப் பேசிப் பழகிய ஒருவருக்கு, பேச்சை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கருவி அவரது பண்பையே மாற்றிக் காட்டுகிறது. காலமும் இடமும் மரியாதையும் சேர்ந்த வினைமுற்றைக் கருவியே ஆக்கித் தருவதற்குத் திரிபு விதிகள் தேவை. தமிழ்ப் பேரகராதி வினைகளை 13 திரிபு வகைகளாகப் பகுத்துள்ளது. அவ்வகைப்பாட்டைப் பேச்சு வடிவங்களுக்கு ஏற்ப விரிவாக்கித் தருவது தமிழ் மொழியியலாளர் செய்யத்தக்க பணியே.

விளியும் வட்டார வழக்கும்

தொல்காப்பியம் விளிக்கெனத் தனி இயல் வகுத்துள்ளது. பேச இயலாதவரின் முதல் தேவைகளுள் ஒன்று அழைத்தல். ‘அண்ணன்’ என்று ஒலிக்கும் படம் ஒருவரைப் பெயர் சுட்டுகிறதேயன்றி அழைப்பதில்லை. திண்டுக்கல் குழந்தைக்கு வேண்டியது ‘அண்ணே’ என்னும் ஒலி. பாட்டி என்ற கட்டம் ‘அப்பத்தா’ என்று அழைக்கும் வீட்டில் அயன்மையானது. தொட்டுக்கொள்ளும் கறியை ‘வெஞ்சனம்’ என்றும், அப்பக்கத்தை ‘அங்கிட்டு’ என்றும் வழங்கும் ஊரில் எழுத்துத்தமிழ் மட்டும் பேசும் கருவி, அதனை வைத்திருப்பவரைத் தம் வீட்டிலேயே வேற்றூரார் ஆக்கிவிடும்.

மாவட்டம் முழுமைக்கும் ஒரே பட்டியலும் போதாது. நத்தம், நிலக்கோட்டைப் பகுதிகளில் மதுரை வழக்கும், பழனி, ஒட்டன்சத்திரப் பகுதிகளில் கொங்கு வழக்கும் மிகுதி. தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களும் பல. ஒலிப்பிலும் இடர் உண்டு. மொழிமுதல் ககரத்தை ஒலிப்பில்லா வல்லொலியாகவே கொள்ளும் விதியை மட்டும் கருவி பின்பற்றினால் ‘காந்திகிராமம்’ என்னும் ஊர்ப்பெயர்கூடப் பிழையாகவே ஒலிக்கும்.

எதிர்வாதங்கள்

கருவியில் பேச்சுத்தமிழைச் சேர்ப்பது எழுத்தறிவுக்கு இடையூறாகும் என்று கூறப்படலாம். ஏனைய குழந்தைகள் வீட்டில் பேச்சையும் பள்ளியில் எழுத்தையும் கற்கின்றனர். அந்த இயல்பான வரிசையைப் பேச இயலாத குழந்தைக்கு மட்டும் மறுப்பதற்குக் காரணமில்லை. பேசுவதற்கு ஒன்றும் எழுதுவதற்கு ஒன்றுமாக இரு நிலைகளை ஒரே கருவியில் அமைக்கலாம்.

விலையுயர்ந்த கருவிக்குப் பதில் அட்டையில் வரைந்த படங்களே போதும் என்பது மற்றொரு வாதம். மின்சாரம் இல்லாதபோதும், கருவி பழுதாகும்போதும் அட்டையே துணை என்பது உண்மை. ஆயினும் இங்கு வலியுறுத்தப்படும் சொற்பட்டியலும் இலக்கண வரிசையும் அட்டைக்கும் அதே அளவு தேவையானவை. கைநடுக்கமுள்ள முதியோர்க்குப் பெரிய கட்டங்களும் குறைந்த சொற்களும் வேண்டும். எவற்றைக் குறைப்பது என்று முடிவுசெய்யவும் வழக்காய்வே வழிகாட்டும்.

செய்யத்தக்கவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தொடர்பாடல் என்பதன் வரையறையில் மாற்றுவழித் தொடர்பாடலையும் சேர்த்துள்ளது. கருவி வழங்குதல் அரசின் பணி. அதனுள் அமையும் மொழியை ஆக்குதல் கல்வி நிறுவனங்களின் பணி.

1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற காந்திகிராமம், தமிழ்க்கல்வியையும் ஊரகப் பணியையும் ஒருங்கே கொண்டது. இப்பணியைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். முதலாவதாக, வட்டாரக் குழந்தைகள், முதியோரின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து அடிப்படைச் சொற்பட்டியல் தொகுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அச்சொற்களுக்குரிய வேற்றுமை, விளி, மரியாதை, வினைத்திரிபு வடிவங்கள் பொறியாளர் பயன்படுத்தத்தக்க விதிகளாக எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, வட்டாரக் குரல்கள் உரியவர் இசைவோடு பதிவுசெய்யப்பட வேண்டும். இம்மூன்றிலும் கருவியைப் பயன்படுத்துவோரும் அவர்தம் குடும்பத்தாரும் தகவலாளர்களாக மட்டுமன்றி, முடிவெடுப்போராகவும் இடம்பெற வேண்டும். இத்தொகுப்புகளை முனைவர்ப் பட்ட ஆய்வுகளுக்கு இணையான ஆய்வுப் பயனாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்றல் வேண்டும். ஏற்காதவரை இளம் ஆய்வாளர் இத்துறைக்கு வருவது அரிது.

முடிவுரை

பேச்சுவழக்கு ஆய்வும் இலக்கண ஆய்வும் தமிழ்த்துறைகளில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. அவ்வறிவு ஆய்வேடுகளில் இருக்க, அதன் தேவை மிக்கவர்களின் கையிலுள்ள கருவி அரைகுறைத் தமிழ் பேசுகிறது. கருவியின் தொழில்நுட்பம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். முறையாகத் தொகுக்கப்பட்ட சொற்பட்டியலும் விதிகளும் அடுத்த கருவிக்கும் பயன்படும். ஆதலின் அடுத்த செயலிக்காகக் காத்திராமல் வட்டார அடிப்படைச் சொற்பட்டியலைத் தமிழ்த்துறைகள் இப்போதே தொகுக்கத் தொடங்குதல் வேண்டும்.